புதுப்பிப்பு: பழவேற்காட்டு மணலில் என் தடித்த டயர் சைக்கிள்

புதிதாக வாங்கிய 4 அங்குல டயர் சைக்கிள் கடற்கரை மணலில் புதைகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். காற்றைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி!

கடையில் காற்றை 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அடித்துக் கொடுத்திருந்தார்கள். இன்று விடியலில் கலங்கரை விளக்கத்தின் பக்கம் போய் 8 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் நன்றாக அமுங்கியது. உலர்ந்த மணலிலும் தடம் அகலமாக, ஆழமில்லாமல் விழுந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

தார்ச்சாலைக்குத் திரும்பியதும் 18க்கு ஏற்றினேன். கைப்பம்பில் அடித்துத் தோள் வலிக்கிறது. இந்த டயர் காற்றைக் குடிக்கிறது. வீடு வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டேன். உப்புக்காற்றில் ஒரே இரவில் துருப்பிடித்துவிடும். நாளை ஆரம்பாக்கம் வரை போகிறேன்.