சிடிசி 4.2 லட்சம் என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர்கள் சற்று உதவ வேண்டும். பி.காம். முடித்த என் தங்கை சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். விளம்பரத்தில் 'சிடிசி (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) ஆண்டுக்கு 4.2 லட்சம்' என்று இருக்கிறது. பன்னிரண்டால் வகுத்து, மாதம் 35,000 ரூபாய் என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எனக்குத்தான் உறுத்துகிறது. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 12 சதவீத பி.எஃப்., பணிக்கொடை, சில இடங்களில் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் வரை அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள். அவள் பங்குக்கான பி.எஃப். பிடித்தம் வேறு. போதாததற்கு, இதில் 15 சதவீதம் 'வேரியபிள் பே'யாம், அதாவது வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதியாம்! அது மாதாமாதம் வருமா, ஆண்டு முடிவில் மதிப்பிட்டுத் தருவார்களா? புதிதாகச் சேர்பவர்களுக்கு முழுதாகக் கிடைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

'அனுபவம் 0–2 ஆண்டுகள்' என்று மேலே போட்டுவிட்டு, 'ஜிஎஸ்டி தாக்கலில் நேரடி அனுபவம் அவசியம்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். புதியவர்கள் விண்ணப்பிக்கலாமா, கூடாதா?

'ரொட்டேஷனல் ஷிஃப்ட்' (சுழற்சி முறை வேலை நேரம்) என்றும் விளம்பரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் இரவுப் பணியும் சேர்த்தியா? கணக்கு எழுத நள்ளிரவில் எதற்கு ஆள் என்று அம்மா கேட்கிறார், நியாயமான கேள்விதான்.

சம்பளத்தில் எதற்கு எவ்வளவு என்ற விவரத்தை நேர்காணலிலேயே கேட்கலாமா, பணி ஆணை வரும்வரை பொறுப்பது நல்லதா? விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.