விருதுக்கு எழுதிப் போட்டவர்கள் பேசட்டும்: அனுபவப் பகிர்வு

பழைய செயலாளர்:

ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் சில காலம் செயலாளராக இருந்தேன். மேடையில் சால்வை போர்த்தும் படம் எல்லாரிடமும் இருக்கிறது. அதற்கு முன்னால் நடப்பதை யாரும் எழுதுவதில்லை. விருது தானாக வீடு தேடி வருவதாகத்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. எங்கோ ஒருவர் உட்கார்ந்து படிவம் நிரப்பியிருப்பார், சான்றுகளைத் தேடி அலைந்திருப்பார், கடைசி நாளன்று சர்வர் வேலை செய்யாமல் திட்டியிருப்பார். அந்தக் கதைகளை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் கல்லூரியில் படித்துப் பொதுப்பணித்துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைச் 'சிறந்த முன்னாள் மாணவர்' கௌரவத்துக்குப் பரிந்துரைக்க முடிவு செய்தோம். தன்விவரக் குறிப்பு கேட்டால், "அதெல்லாம் என்னிடம் எங்கே இருக்கிறது, சர்வீஸ் ரிஜிஸ்டர் ஆபீசில் இருக்கும்" என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. அவர் மகன்தான் பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கிக் கொடுத்தார். எந்த ஏரியில் எந்த மதகு பழுது, எந்த இரவில் எத்தனை அடி தண்ணீர், எந்த ஷட்டர் இறங்க மறுத்தது என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருந்தார். வெள்ளம் வந்த ஓர் இரவில், ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கை உடைக்கச் சொல்லி மேலிருந்து வாய்மொழி உத்தரவு வந்ததும், இவர் எழுத்தில் கேட்டு நின்றதும், விடிவதற்குள் நீர்மட்டம் இறங்கியதும் அதில் இரண்டே வரியில் இருந்தன. நாங்கள் அதை இரண்டு பக்கமாக எழுதினோம்.

தேர்வானதைச் சொல்லப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான். அந்த இரவில் கூட நின்ற லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் கடைநிலைப் பணியாளர், மேடைக்கு வரலாமா என்றார். சங்க விதிப்படி முன்னாள் மாணவர்களுக்கு மட்டும்தான் மேடை. விதியை விட்டுத்தள்ளி அழைத்தோம். குழுவில் இரண்டு பேர் அதன்பின் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கிண்டிப் பழையவன்:

ஐயா, உங்களுக்காவது ஒரு கல்லூரி. எங்களுக்குப் பல்கலைக்கழகமே தகராறு.

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து ஒரு கூடுகைக்காகக் கௌரவம் பெற்றவர்களின் படப்பலகைகள் தயாரித்தோம். வர்கீஸ் குரியன், ராஜ் ரெட்டி என்று வரிசை போட்டாயிற்று. தலைப்பில் 'அண்ணா பல்கலைக்கழகத்தின் பெருமைகள்' என்று ஒருவர் எழுதினார். மூத்த அக்கா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது 1978. ராஜ் ரெட்டி 1958-இல் பட்டம் வாங்கிவிட்டார். அவர் பட்டத்தில் யார் முத்திரை இருக்கும்?" சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான். குரியனுக்கும் அப்படியே. குரியன் அதற்கு முன்னால் லயோலாவில் இயற்பியல் படித்தவர் என்பதால் லயோலாக்காரர்களுக்கும் பங்கு உண்டு. கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. அப்போது எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இல்லை. அதுவும் 1978-இல்தான் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. கடைசியில் தலைப்பை 'கிண்டியில் படித்தவர்கள்' என்று மாற்றினோம், கலாம் பலகையை எடுத்துவிட்டோம். எடுத்ததற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

எனக்கு அந்த வேலையில் பிடித்துப்போனது வேறு. ராஜ் ரெட்டி கிண்டியில் படித்தது கட்டடப் பொறியியல். 1994-இல் அவர் எட்வர்ட் ஃபைகன்பாமோடு பகிர்ந்துகொண்ட டூரிங் விருது கணினி அறிவியலுக்கானது, செயற்கை நுண்ணறிவில் செய்த வேலைக்காக. அமுல் பால் கூட்டுறவை வளர்த்த குரியன் படித்தது இயந்திரப் பொறியியல், விருதுகள் வந்தது பாலுக்கு: 1963-இல் மகசேசே, 1989-இல் உலக உணவுப் பரிசு. எந்தத் துறையின் பலகையில் யார் படத்தை மாட்டுவது என்று அன்று சிவில்காரர்களுக்கும் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் நடந்த சண்டையில் டீ ஆறிப்போனது. சிவில்காரர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மாநிலக் கல்லூரிக்காரர்கள் இங்கே வந்துவிடாதீர்கள். ராமன் 1930, சந்திரசேகர் 1983 என்று இரண்டு நோபல், அதற்கு மேல் வரதனுக்கு 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு. உங்களோடு போட்டி கிடையாது.

காவிரிக்கரை:

உரிமை கொண்டாடும் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் கும்பகோணத்தில் எந்த விழாவுக்குப் போனாலும் அரசு கலைக் கல்லூரியின் முன்னாள் மாணவர் ராமானுஜன் என்று ஆரம்பிப்பார்கள். ஆம், படித்தார். உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலத் தேர்வு) தேறவில்லை. இன்றைக்கு இரண்டு ஊரும் அவர் எங்கள் மாணவர் என்கின்றன.

நான் ஆசிரியராக இருந்தவன். ஒரு விழாவில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஃபெயில் ஆனவர் எப்படி ஐயா முன்னாள் மாணவர் ஆவார்?" என்று கேட்டுவிட்டான். அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. அவருக்குப் பட்டம் கொடுக்காத அதே சென்னைப் பல்கலைக்கழகம்தான் 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவருக்கு, பட்டம் இல்லாதவருக்கு, விதியை வளைத்துக் கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டில், 1918-இல், ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். பழைய செயலாளர் ஐயா சொல்வது இங்கேயும் பொருந்தும். துறைமுகத்தில் அவருடைய மேலதிகாரிகள் கடிதம் எழுதினார்கள், கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டி இவர் பெயரை முன்மொழிந்தார். அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் நோட்டுப்புத்தகங்கள் கும்பகோணத்திலேயே கிடந்திருக்கும்.

மாணவனின் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

எம்.எம்.சி. 2003:

நான் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 2005-இல், டாக்டர் வி. சாந்தாவுக்கு மகசேசே விருது அறிவித்தார்கள். விடுதியில் செய்தித்தாளைச் சுற்றி நாங்கள் நின்றிருந்தோம். 'நம் கல்லூரி' என்று ஒரே ஆரவாரம். எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியை ஒருவர் அன்று வகுப்பில் கரும்பலகையில் ஆண்டுகளை மட்டும் எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி இதே கல்லூரியிலிருந்து 1912-இல் வெளியே வந்தார். அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது. அங்கே சாந்தா 1955-இல் சேர்ந்தார். பத்மஸ்ரீ 1986. "இடையில் இருக்கிற 31 வருஷத்துக்கு ஏதாவது விருது இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்டுவிட்டுக் கல்லீரல் பாடத்துக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு வந்தவை வேகமாக வந்தன. 2006-இல் பத்மபூஷண், 2016-இல் பத்மவிபூஷண். முதலாவதற்கு முப்பத்தோரு ஆண்டு, மீதி எல்லாவற்றுக்கும் முப்பது ஆண்டு. ஒரு விருது கிடைத்துவிட்டால் அடுத்த குழு அதைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறது என்பது என் சந்தேகம். முதல் பரிந்துரை எழுதுபவர்தான் கடினமான வேலையைச் செய்கிறார்.

பின்னாளில் என் அம்மாவுக்கு அந்த அடையாறு மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது. காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் தருமபுரிப் பக்கமிருந்து வந்திருந்தது. கையில் பணம் இல்லை, நோயாளியைத் திருப்பி அனுப்பவும் இல்லை. விருதுக் குறிப்பில் இதை எப்படி எழுதுவார்கள் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன்.

மலைக்கோட்டை அச்சகம்:

நான் படித்தவன் இல்லை, படித்தவர்களுக்கு அழைப்பிதழ் அடிப்பவன். திருச்சியில் கல்லூரி விழா என்றால் என்னிடம் வராமல் போகாது. உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பத்ம விருது பட்டம் அல்ல. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ அதைப் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1995-இல் சொல்லிவிட்டது. ஆனால் என்னிடம் வரும் மாதிரிகளில் பத்துக்கு ஒன்பது 'பத்மஸ்ரீ' என்று கொட்டை எழுத்தில் பெயருக்கு முன்னால் இருக்கும். எடுத்துச் சொன்னால், "நீங்கள் அடியுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள்.

ஒருமுறை விருது பெற்றவரே பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார். கல்லூரிக்காரர்கள் பெயருக்கு முன்னால் நான்கு அடைமொழி போட்டிருந்தார்கள். பேனாவை வாங்கி ஒவ்வொன்றாக அடித்தார். கௌரவ டாக்டர் பட்டத்தையும் அடித்தார். கடைசியில் பெயரும், கீழே படித்த ஆண்டும் துறையும் மட்டும் மிஞ்சின. பிளேட் போட்டாயிற்றே என்று நான் இழுத்தேன். புது பிளேட்டுக்கு அவரே காசு கொடுத்தார். மறுநாள் கல்லூரியிலிருந்து ஆள் வந்து, அடைமொழியோடு தனியாக ஐம்பது பிரதி அடித்துக்கொண்டு போனார்கள், அமைச்சருக்கு அனுப்ப.

வீட்டுக்காரி:

என் அப்பா அப்படி ஒரு பத்ம விருது பெற்றவர். ஊரும் பெயரும் வேண்டாம். ஜனவரி 25 இரவு டி.வி.யில் பெயர் ஓடியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் ஆட்கள். வாழ்த்தியவர்கள் பாதி, பேரனுக்கு சீட்டு, மருமகனுக்கு மாறுதல் என்று கேட்டு வந்தவர்கள் பாதி. விருதோடு பணம் வராது என்பதைச் சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றும் பதக்கமும்தான் கொடுப்பார்கள். விழாக்களில் அணிந்துகொள்ள ஒரு சிறிய நகலும் உண்டு. அப்பா அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போனது ஒரே ஒரு கல்யாணத்துக்கு. அதுவும் அம்மாவின் பிடிவாதம்.

காட்பாடி ராத்திரி ரயில்:

எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன்.

எனக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் வருகிறது. 'உங்கள் துறைச் சாதனைக்காக நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்.' கீழே பார்த்தால் விருந்துக்கும் கேடயத்துக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம். என் சக ஊழியர் ஒருவர் கட்டிவிட்டார். கௌரவ டாக்டர் பட்டமே விலைக்குக் கிடைக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது, யார் பார்க்கிறார்கள்? இந்தக் கேடயங்களும் கல்லூரியின் சாதனைப் பட்டியலில் ஏறுகின்றன, தர மதிப்பீட்டுக் குழு வரும்போது எண்ணிக்கை காட்ட வேண்டுமே.

இன்னொரு பக்கம், நான் இயற்பியல் ஆய்வு செய்த இடத்தில் கண்ணாடி ஊதுபவர் ஒருவர் இருந்தார். வெற்றிடக் குழாய், டிராப், ஸ்டாப்காக் என்று கையால் வரைந்து கொடுத்தால் மாலைக்குள் செய்துவிடுவார். விரிசல் விட்டால் பழுது பார்ப்பார், ஏன் விட்டது என்று பாடமும் எடுப்பார். அவர் செய்த கருவிகளில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்கள் இன்று பல நாடுகளில் விருது வாங்குகிறார்கள். ஆய்வேடுகளின் நன்றிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அவர் எங்கும் படித்துப் பட்டம் வாங்கவில்லை, ஆகவே எந்தச் சங்கத்துக்கும் முன்னாள் மாணவர் இல்லை. உங்கள் லஸ்கருக்காவது மேடை கிடைத்தது.

பழைய செயலாளர்:

காட்பாடி நண்பரே, கசப்பு நியாயமானது. ஆனால் உங்கள் கண்ணாடிக்காரருக்குச் சங்கம் தேவையில்லை. பத்ம விருதுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். கல்வித்தகுதி கேட்பதில்லை. இணையத்தில் படிவம் இருக்கிறது, 800 சொற்களுக்கு மிகாமல் செய்த பணியை விவரிக்க வேண்டும். அந்த 800 சொல்தான் எல்லாம். 'தன்னலமற்ற', 'ஒப்பற்ற' என்று நிரப்பினால் குழு அடுத்த தாளுக்குப் போய்விடும். என்ன செய்தார், அதற்குமுன் நிலைமை என்ன, அதனால் யாருக்கு என்ன மாறியது என்பதை எழுத வேண்டும். மறைந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

நோபலில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அழைக்கப்பட்டவர்கள்தான் பரிந்துரைக்கலாம், யார் யாரைப் பரிந்துரைத்தார்கள் என்பதும் 50 ஆண்டுகளுக்கு வெளியே வராது. ராமனின் பெயரை எழுதி அனுப்பியவர்களில் ரூதர்ஃபோர்டும் நீல்ஸ் போரும் உண்டு. ராமனுக்கே எழுத ஆள் வேண்டியிருந்தது.

உங்கள் கண்ணாடிக்காரர் இருக்கிறாரா?

காட்பாடி ராத்திரி ரயில்:

இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டது, பார்வை மங்கல், வீட்டில் அடுப்பு ஊதக்கூட விடுவதில்லை என்று பேத்தி சொன்னாள். நான் போய்ப் பார்த்துக் கேட்கிறேன். அவரிடமும் தன்விவரக் குறிப்பு இருக்காது, உங்கள் பொறியாளரைப் போல டைரியும் இருக்காது. யாருக்கு எந்தக் கருவி செய்தார் என்பது அந்த ஆய்வேடுகளின் நன்றிப் பக்கங்களில்தான் சிதறிக் கிடக்கிறது. தொண்ணூறுகளில் வெற்றிடத்திலும் குறைவெப்பநிலையிலும் ஆய்வு செய்தவர்கள் இங்கே இருந்தால், உங்கள் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கிண்டிப் பழையவன்:

நான் அந்தத் துறை இல்லை, ஆனால் தட்டச்சும் மெய்ப்பும் பார்த்துத் தருகிறேன். 800 சொல்லைத் தாண்டினால் வெட்டுவதற்கு, அன்று கண்ணாடியைக் கழற்றிக் கேட்ட அக்காவைக் கூப்பிடலாம், அவர் ஈவிரக்கம் காட்ட மாட்டார்.