கேலோவே பிரபு ஆலனுக்கு மகன் இருந்தும் நிலம் ஏன் மூன்று பெண்களுக்குப் போனது?

நேட்டால்நிலா:
வணக்கம். டர்பனில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்காகத் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கேலோவே பிரபுக்களுக்கு வம்சப்படம் போடுகிறேன். 1161-இல் இறந்த ஃபெர்கஸ் முதல் 1234-இல் இறந்த ஆலன் வரை சிக்கலில்லை. ஆலனுக்குத் தாமஸ் என்று ஒரு மகன். நிலமோ மூன்று பெண்களுக்குப் பிரிந்திருக்கிறது. இன்னொரு பட்டியலில் அதே தாமஸ் 1231-லேயே இறந்த ஆத்தோல் பகுதியின் ஏர்ல் (உயர்குடிப் பட்டம்). எது சரி?

சுவடிப்பெட்டி:
இரண்டும் சரி, ஆள்தான் வேறு. 1231-இல் இறந்தவர் ஆலனின் தம்பி. மகன் தாமஸ் திருமணத்துக்கு வெளியே பிறந்தவன். இங்கே தென்னாப்பிரிக்காவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்கும் பங்குண்டு. அன்றைய ஸ்காட்லாந்து அரசர் நடத்திய நிலமானிய முறையில் கிடையாது. முறையான மகன் இல்லையென்றால் பெண்கள் அனைவருக்கும் பங்கு. மூத்தவளுக்கே மொத்தமும் போகாது.

கேலோவே மக்களின் கேலிக் (அவர்கள் பேசிய பழைய செல்டிக் மொழி) வழக்கமோ வேறு. ஆள்வதற்கு ஓர் ஆண் வேண்டும், தாயின் தாலியை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. நிலம் துண்டாவதைவிட அரசரே பிரபுவாக இருக்கட்டும் என்றுகூடக் கேட்டார்கள். அரசர் இரண்டாம் அலெக்சாண்டர் மறுத்துவிட்டார். (பெரிய பிரபுநிலம் மூன்றாக உடைவது அவருக்கு வசதிதானே!) 1235-இல் தாமஸை முன்னிறுத்திக் கிளர்ந்தார்கள். அரசர் படையோடு வந்து அடக்கினார். தாமஸ், அந்தப் பெண்களில் ஒருத்தியின் கணவர் வீடான பேலியல் குடும்பத்தின் பார்னார்ட் கோட்டையில் 1296 வரை, அறுபது வருடம் சிறையில் கிடந்தான்.

கோட்டைவாசல்:
படத்தில் மூன்று பெண்களையும் ஒரே தாய்க்குக் கீழ் போட்டுவிடாதீர்கள், பலரும் சறுக்குவது அங்கேதான். ஹெலன் முதல் தாரத்தின் மகள். கிறிஸ்டினாவும் டெர்வோர்கில்லாவும் ஆலன் 1209-இல் மணந்த மார்கரெட்டின் மகள்கள். அந்த மார்கரெட், அரச குடும்பத்து ஹண்டிங்டன் ஏர்ல் டேவிட்டின் மகள். டெர்வோர்கில்லாவின் மகன் ஜான் பேலியல் 1292-இல் ஸ்காட்லாந்து அரசரானது இந்தத் தாய்வழி உரிமையால். கேலோவே பங்கால் அல்ல. ஹெலனையும் அதே கோட்டில் இணைத்தால் அவள் சந்ததிக்கும் அரசுரிமை இருந்ததுபோல் ஆகிவிடும்.

கிறிஸ்டினா 1246-இல் பிள்ளையில்லாமல் இறந்தாள். அவள் பங்கு மற்ற இருவருக்கும் போயிற்று. ஹெலனின் கணவர் ரோஜர் டி குவின்சி 1264-இல் இறந்தபோது அவருக்கும் மூன்று பெண்கள்தான். அந்தப் பங்கு மறுபடி மூன்றானது.

சுவடிப்பெட்டி:
ஒன்று விட்டுவிட்டேன். ஆலன் வரை சிக்கலில்லை என்றீர்களே, அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ஆலனின் தந்தையைச் சில ஆவணங்கள் லோக்லன் என்றும் சில ரோலண்ட் என்றும் சொல்லும். ஒரே ஆள், 1200-இல் இறந்தவர். இரண்டு கட்டம் போட்டால் ஒரு தலைமுறை கூடிவிடும்.

அவருடைய தந்தை உட்ரெட். ஃபெர்கஸின் இன்னொரு மகன் கில் பிரிக்தே 1174-இல் உட்ரெட்டின் கண்ணைப் பிடுங்கி, ஆண்மையையும் நீக்கச் செய்தான். 1185-இல் கில் பிரிக்தே இறந்ததும் கேலோவே லோக்லனுக்குப் போக, கில் பிரிக்தேயின் மகன் டங்கனுக்குக் கேரிக் என்ற பகுதி கிடைத்தது. அந்தக் கிளையையும் சேருங்கள். டங்கனின் மகன் நீல், நீலின் மகள் மார்ஜரி, அவள் மகன் அரசர் ராபர்ட் புரூஸ்.

நேட்டால்நிலா:
அப்படியென்றால் பேலியல், புரூஸ் இருவருமே ஃபெர்கஸின் வழியா! தாள் பத்தாது, பெரிய அட்டை வாங்க வேண்டும். நன்றி ஐயா.