மேட்டர்ஹார்ன் உச்சியில் இருப்பது ஆப்பிரிக்கப் பாறையா?

கேள்வி:
அடுத்த மாதம் இரண்டு நாள் சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரில் தங்கப் போகிறோம். அங்கே இருக்கும் மேட்டர்ஹார்ன் மலை பற்றிப் படித்தபோது, உச்சிப் பாறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது, ஐரோப்பாவின் நடுவில் இது எப்படி? அப்புறம் 1865-ல் முதலில் ஏறியவர்களில் நான்கு பேர் இறங்கும்போது இறந்தார்கள், கயிற்றை ஒருவர் வேண்டுமென்றே வெட்டினார் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
பாறை விஷயம் பெரும்பாலும் சரிதான். ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் நெருங்கி வந்தபோது நடுவில் இருந்த கடல் மூடிக்கொண்டது, தெற்குப் பக்கத்து நிலத்தட்டின் ஒரு துண்டு அந்தக் கடல்தரைப் பாறைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் மலையின் மேல்பகுதி பழைய நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய) பாறையாகவும், அதற்குக் கீழே இருப்பது கடலடியில் உருவான பாறையாகவும் இருக்கின்றன. அந்தக் கூம்பு வடிவம் வேறு கதை, நாலு பக்கமும் பனியாறுகள் அரித்து அரித்துச் செதுக்கியது. உயரம் 4,478 மீட்டர், இத்தாலி எல்லை உச்சி வழியாகவே போகிறது.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அந்தத் துண்டு நேராக ஆப்பிரிக்கா இல்லை, அதிலிருந்து பிரிந்த ஏட்ரியா என்ற சிறு தட்டு.

பதில் 3:
கயிறு பற்றி: வெட்டவில்லை. ஜூலை 14 அன்று ஆங்கில மலையேறி எட்வர்ட் விம்பர் உட்பட ஏழு பேர் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது அனுபவமில்லாத 19 வயது ஹேடோ வழுக்கி, முன்னால் போன வழிகாட்டி மிஷேல் க்ரோ மீது விழுந்தார். எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால், பின்னால் இருந்த ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸும் இழுபட்டார்கள். டக்ளஸுக்கும், அவருக்குப் பின்னால் வந்த வழிகாட்டி பெரிய டௌக்வால்டருக்கும் (மகனும் கூட வந்திருந்தார், இவர் அப்பா) இடையில் கயிறு அறுந்தது. கொண்டுபோன கயிறுகளிலேயே பழையதும் பலமில்லாததும் அந்த இடத்தில் கட்டியிருந்ததுதான். விசாரணையில் டௌக்வால்டர் மீது குற்றமில்லை என்று முடிவானது, ஆனாலும் ஊர் வாய் அவரை விடவில்லை, உயிர் பிழைத்து வந்த ஒரு வழிகாட்டிக்கு இது பெரிய அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பர்களே. அந்தக் கயிற்றைப் பார்க்க முடியுமா?

பதில் 3:
முடியும், அறுந்த துண்டு செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் க்ரோவின் கல்லறை, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஊருக்குள் பெட்ரோல் கார் கிடையாது, பக்கத்து ஊரான டேஷில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போகலாம்.