பசிக்கிறது என்றவனுக்குச் சோறு கொடுக்க முடியாத வேலை

2013-ல் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தேன். கைச்செலவுக்கு, அங்கே விளையாடும் மாணவர்களுக்குப் புள்ளியியல் ட்யூஷன் எடுத்தேன். சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: அவர்களுக்கு ஒரு காபிகூட வாங்கித் தரக்கூடாது, காரில் கொண்டுபோய் விடக்கூடாது, மீறினால் என் வேலையும் போகும், அவர்கள் ஆடுவதும் நின்றுபோகும்.

அதில் ஒரு பையன் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன். இரவு எட்டரைக்கு முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டு வருவான். வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி, ஆனால் பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் அந்தக் கணக்கில் வராது. ஒருநாள் கணக்குப் போட்டபடியே தூங்கிவிட்டான். எழுப்பினால், சாப்பிடவில்லை, டைனிங் ஹால் மூடிவிட்டார்கள் என்றான். என் பையில் எலுமிச்சை சாதம் இருந்தது. கொடுக்கவில்லை. பசி என்று சொன்னவனை அப்படியே அனுப்பியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான், இன்னும் உறுத்துகிறது.

அதே வாரம் வளாகக் கடையில் அவன் எண் போட்ட ஜெர்சி தொங்கியது. அப்போதெல்லாம் பெயர் அச்சடிக்க மாட்டார்கள், ஆனாலும் அது யாருடைய எண் என்று வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு ஒரு சென்ட் கிடையாது.

'அதுதான் ஸ்காலர்ஷிப் தருகிறார்களே' என்று கடன் வாங்கிப் படித்த நானும் முதலில் நினைத்தவன்தான். சரி, ஃபீஸும் அறை வாடகையும் போகும். ஆனால் அவனை வைத்து வரும் டிவி பணத்தில், டிக்கெட் பணத்தில் அவனுக்கும் பங்கு வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஷபாஸ் நேப்பியர், பசியோடு படுக்கப்போன இரவுகள் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஏப்ரலிலேயே, வீரர்களுக்கு எவ்வளவு சாப்பாடு தரலாம் என்ற விதியை என்சிஏஏ தளர்த்தியது. 2021 ஜூலையிலிருந்து விளம்பரத்தில் சம்பாதிக்க விட்டார்கள். அப்புறம் 2025 ஜூனில், பணம் கேட்டு வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது: பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடம் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. பழைய வீரர்களுக்கும் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு, ஆனால் 2016-லிருந்து ஆடியவர்களுக்கு மட்டும்.

இவன் 2015-லேயே முடித்துவிட்டான். செய்தி வந்த அன்று மெசேஜ் போட்டேன். முழங்காலில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறேன் என்று பதில் வந்தது.