தெற்கு வேல்ஸ் சுரங்க ஊர்களின் சிறுவர் மன்றங்கள்: யார் பணம், எங்கே பதிவுகள்?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். தெற்கு வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் பக்கத்தில் உள்ள ட்ரெஹாரிஸ் ஊர்ச் சிறுவர் மன்றம் (பாய்ஸ் கிளப்) பற்றிச் சிற்றிதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறேன். 1922ல் தொடங்கியது, வேல்ஸின் முதல் சிறுவர் மன்றம் என்று சொல்லப்படுவது. கிடைத்த குறிப்புகளில் பாதி, ஓஷன் நிலக்கரிக் கம்பெனியின் டேவிட் டேவிஸ் கொடுத்த கொடை என்கின்றன. மீதி, தொழிலாளர் காசில் எழுந்தது என்கின்றன. எதை நம்புவது? இந்த மாதிரி மன்றங்களின் கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் இன்று எங்கே கிடைக்கும்? பிரிட்டிஷ் அறக்கட்டளைப் பதிவேட்டில் பல மன்றங்களுக்கு 1960களின் தேதி இருப்பது ஏன் என்பதும் புரியவில்லை.

தணல்

கொடையா, கூலியா என்று கேட்டால் பதில் கிடைக்காது. டன் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

1920ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழில் சட்டம் 'சுரங்கத் தொழிலாளர் நல நிதி' ஒன்றை உருவாக்கியது. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் சுரங்க உரிமையாளர் ஒரு பென்னி கட்ட வேண்டும். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆண்டுக்கு 3 லட்சம் டன் வெட்டும் குழி என்று வைத்துக்கொண்டால் 1,250 பவுண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 1,000 பவுண்டு, அந்த நிலக்கரி மாவட்டத்துக்கே திரும்பும். மீதி ஒரு பங்கு பாதுகாப்பு ஆராய்ச்சி, கல்வி போன்ற பொதுச் செலவுகளுக்கு. மாவட்டக் குழுவில் உரிமையாளர் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சரிபாதி. விளையாட்டு மைதானம், மண்டபம், வாசகசாலை, சிறுவர் மன்றம் எல்லாம் இந்தக் குழுவிடம்தான் விண்ணப்பித்தன. காசோலை எழுதியது கம்பெனி. எழுதச் சொன்னது சட்டம். அந்தப் பணத்துக்கு அடிப்படை வெட்டியவனின் டன். இதைக் கொடை என்று எழுதினால் தவறாகிவிடும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அந்த நிதி பெரும்பாலும் கட்டடத்துக்கும் மனைக்கும்தான் கிடைத்தது. அடுப்புக் கரி, விளக்கு, பந்து, குத்துச்சண்டைக் கையுறை, ஒழுகும் கூரை, மன்றத் தலைவருக்குச் சம்பளம் இதெல்லாம் உள்ளூர் பொறுப்பு. பையன்களின் வாரச் சந்தா ஒரு பென்னி, இரண்டு பென்னி. அது எதற்கும் போதாது. ஆகவே பெரியவர்களின் வாரக் கூலியிலிருந்து குழி அலுவலகமே ஒரு சிறு தொகையைப் பிடித்து நலக்கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு பல ஊர்களில் இருந்தது. குழி நின்றால் அந்தப் பிடித்தமும் நின்றுவிடும். புதுக் கட்டடம் கட்டிச் சில ஆண்டுகளில் பூட்டிய மண்டபங்களின் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். பையன்களுக்கு ஆர்வம் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

நிதியின் ஏற்ற இறக்கத்தையும் காலக்கோட்டில் வையுங்கள். 1923ல் பிரிட்டன் முழுவதும் சுமார் 27 கோடியே 60 லட்சம் டன். 1926ல், உரிமையாளர்கள் தொழிலாளரை வேலைக்கு விடாமல் கதவடைப்பு நடத்திய ஆண்டில், சுமார் 12 கோடியே 60 லட்சம் டன். டன் பாதிக்குக் கீழே போனால் பென்னியும் பாதிக்குக் கீழே. 1934ல் தீர்வையை அரைப் பென்னியாகக் குறைத்தார்கள், 1939ல் மறுபடி ஒரு பென்னி ஆக்கினார்கள். 1930களில் ஒரு மன்றம் புதுக் கட்டடம் கேட்டுக் கிடைக்காமல் கிடந்திருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

நெடுஞ்சுவர்

தணல் சொன்னது சரி. ஆனால் கம்பெனியின் பங்கை மொத்தமாக அழித்துவிடவும் முடியாது. பணத்தைவிட, ஆளைக் கொடுத்ததில் அது தெரிகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஓஷன் கம்பெனியை நிறுவிய டேவிட் டேவிஸ் 1890லேயே இறந்துவிட்டார். 1922ல் இருந்தவர் அவருடைய பேரன், அதே பெயர், நாடாளுமன்ற உறுப்பினர், 1932ல் பிரபுப் பட்டம் பெற்றவர். தாத்தாவின் படத்தைப் போட்டுப் பேரனின் செயலை எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

பேரன் காலத்தில் கம்பெனியின் நல அலுவலராக இருந்தவர் கேப்டன் கிளின் ஜோன்ஸ். ட்ரெஹாரிஸ் மன்றம், 1925ல் செயின்ட் ஆத்தன் அருகே கடற்கரையில் திறந்த சிறுவர் கிராமம், 1928ல் உருவான தெற்கு வேல்ஸ் சிறுவர் மன்றக் கூட்டமைப்பு, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய கை தெரியும். சிறுவர் கிராமம் என்பது குழியில் வேலை செய்யும் பையன்களுக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குமான விடுமுறை முகாம். 1990ல் மூடினார்கள்.

காலச்சூழலையும் எழுதுங்கள். 1921ல் மூன்று மாதக் கதவடைப்பு. அதற்கு அடுத்த ஆண்டு கம்பெனி மன்றம் திறக்கிறது. அப்போது பதினான்கு வயதில் பள்ளி முடிந்துவிடும், குழியில் இறங்கும் வயதும் அதுவே. பெரியவர்களுக்கு ஏற்கெனவே தங்கள் கூலியில் கட்டிய தொழிலாளர் மண்டபங்கள் இருந்தன: நூலகம், பில்லியர்ட்ஸ் மேசை, கூட்ட அறை. தொழிற்சங்க அரசியல் பேசியது அங்கேதான். பையன்களுக்குத் தனி இடம் என்பது பையன்களை அந்த மண்டபத்திலிருந்து விலக்கிவைக்கும் ஏற்பாடு என்று சங்கத்தார் ஐயப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதே சமயம், பதினைந்து வயதுப் பையனுக்கு மாலையில் போக்கிடம் தெருமுனை மட்டும்தான் என்பதும் உண்மை. என் கணிப்பில் இரண்டு நோக்கமும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன. கட்டுரையில் இரண்டையும் வையுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு நடைமுறை விஷயம். மன்றம் மாலையில்தான் இயங்கும். பிற்பகல் ஷிஃப்ட்டில் இருக்கும் பையன் அந்த வாரம் முழுக்க வர முடியாது. பகல் ஷிஃப்ட் பையனோ கரிப்பூச்சோடு வீடு வந்து, அடுப்பங்கரையில் தகரத் தொட்டியில் முறைக்காகக் காத்திருந்து குளித்து முடிக்கவே பொழுது போய்விடும். ட்ரெஹாரிஸின் டீப் நேவிகேஷன் குழியில் 1916லேயே குழிவாய்க் குளியலறை வந்துவிட்டது, வேல்ஸிலேயே முதலாவது. மன்றம் அங்கே முதலில் தொடங்கியதற்கு இதுவும் உதவியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே குறிப்பிடுங்கள்.

கோப்புக்கட்டு

பதிவுகள் பற்றி.

1960களின் தேதிக்குக் காரணம் எளிது. அறக்கட்டளைகளுக்கான மையப் பதிவேடு 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்தது. நீங்கள் பார்ப்பது பதிவான நாள், தொடங்கிய நாள் இல்லை. அதே பக்கத்தில் 'ஆளும் ஆவணம்' என்ற பகுதியில் அறக்கட்டளைப் பத்திரத்தின் தேதி இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரத் தேதியும் தொடக்க நாள் ஆகாது. பல மன்றங்கள் ஏதாவதொரு வாடகைக் கூடத்திலோ பழைய ராணுவக் கொட்டகையிலோ சில ஆண்டுகள் ஓடிய பிறகுதான் மனை வாங்கிப் பத்திரம் எழுதின.

இதற்கு நடுவே ஒரு சட்டச் சிக்கலும் வந்தது. 1955ல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பு ஒன்றால், பொழுதுபோக்குக்கான அறக்கட்டளைகள் சட்டப்படி அறப்பணி ஆகுமா என்ற ஐயம் எழுந்தது. 1958ல் வந்த சட்டம் அந்த ஐயத்தைத் தீர்த்தது. அதில் சுரங்கத் தொழிலாளர் நல அறக்கட்டளைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதற்கு முன் 1952ல் நல நிதியின் வேலையைப் பிரித்து, குழி சார்ந்ததை அரசுச் சுரங்கங்களை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்துக்கும், சமூகம் சார்ந்ததைப் புதிதாக அமைந்த நிலக்கரித் தொழில் சமூக நல நிறுவனத்துக்கும் கொடுத்தார்கள். எனவே 1952க்குப் பிந்தைய கடிதங்களை அந்த நிறுவனத்தின் பெயரில் தேட வேண்டும்.

தேடும் வரிசை இப்படி இருந்தால் வேலை குறையும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் வேல்ஸ், இங்கிலாந்தின் பழைய நில அளவை வரைபடங்கள் இலவசம். மைலுக்கு 25 அங்குல அளவுள்ளதை எடுங்கள், கட்டடம் கட்டடமாகத் தெரியும். இடம் உறுதியான பின் சுவான்சி பல்கலைக்கழகத்தின் தெற்கு வேல்ஸ் நிலக்கரி வயல் தொகுப்பு. சங்கக் கிளைகள், தொழிலாளர் மண்டபங்களின் கூட்டக் குறிப்பேடுகள் அங்கே உண்டு. கம்பெனித் தரப்புக்குக் கார்டிஃபில் உள்ள கிளமோர்கன் ஆவணக் காப்பகம். 1928 முதல் வந்த 'ஓஷன் அண்ட் நேஷனல்' கம்பெனி இதழையும் கேளுங்கள்.

நாளிதழில் எல்லாரும் இடறும் இடம்: வேல்ஸ் தேசிய நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தளம் 1919 வரைதான். மன்றங்கள் அதற்குப் பின் வந்தவை. அங்கே தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மன்றம் இல்லை என்று பொருள் இல்லை. கட்டணத் தளமோ மெர்த்தர் நூலகத்தின் நுண்படச் சுருளோதான் வழி.

தேடல் சொல்லையும் மாற்றிப் பாருங்கள். ஒரே மன்றம் 'பாய்ஸ் கிளப்', 'வெல்ஃபேர்', 'இன்ஸ்டிடியூட்' என்று மூன்று பெயரிலும் வரும். உறுப்பினர் பட்டியலில் சிறுவர்களின் தனி விவரங்கள் இருப்பதால் சில ஏடுகள் நீண்ட காலம் மூடியே இருக்கும். கணக்கேடு பெரும்பாலும் திறந்திருக்கும், அதைக் கேளுங்கள்.

இளவேனில்

மூவருக்கும் மிக்க நன்றி. தாத்தா-பேரன் குழப்பம் என் வரைவிலும் இருக்கிறது, திருத்திவிடுகிறேன். டீப் நேவிகேஷன் 1991ல் மூடியது. மன்றம் அதற்குப் பிறகும் நடந்திருக்கிறது. கூலிப் பிடித்தம் நின்றால் மன்றமும் நிற்க வேண்டுமே?

தணல்

அதற்குள் இன்னொரு வருமானம் வந்துவிட்டது. 1960ல் அரசு அமைத்த ஆல்பமார்ல் குழு இளைஞர் பணி குறித்து அறிக்கை கொடுத்தது. 14 முதல் 20 வயது வரையானவர்களுக்குக் கட்டடம், பயிற்சி பெற்ற முழுநேரப் பணியாளர், இரண்டுக்கும் அரசுப் பணம் வர அது வழிசெய்தது. உள்ளாட்சிக் கல்வித் துறை மன்றத் தலைவரின் சம்பளத்தை ஏற்ற இடங்களில் குழி மூடினாலும் கதவு திறந்திருந்தது. நலக்கூடத்தின் பின்னறையில், கூலிப் பிடித்தத்தை மட்டும் நம்பி நடந்த மன்றங்கள் 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய மூடல்களில் நிலைகுலைந்தன. ட்ரெஹாரிஸ் எந்த வகை என்று அறிய 1960களுக்குப் பிந்தைய ஆண்டுக் கணக்கில் 'சம்பளம்' என்ற வரிக்கு எதிரே பணம் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். 1971 பிப்ரவரிக்கு முந்தைய கணக்கெல்லாம் பவுண்டு, ஷில்லிங், பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கூட்டும்போது தசமமாக எடுத்துவிடாதீர்கள்.