இந்தக் கிழமை வாசித்தது, கேட்டது: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உப்புவெளி அக்கா:

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கிழமைதான் மகளின் பழைய கொப்பி ஒன்றில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். ஞாயிறு இரவில் மூன்று வரி. என்ன வாசித்தேன், என்ன கேட்டேன், வீட்டில் என்ன நடந்தது. இப்போது ஐந்தாவது கொப்பி நடக்கிறது.

நேற்று முதல் கொப்பியைப் புரட்டினேன். ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் ‘கேட்டது’ என்ற இடத்தில் ‘அட்டை இல்லாத புத்தகம்’ என்று மட்டும் இருந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் வரிசைக்குக் காலை நாலரைக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் கான்கள்தான் நின்றன. ஒன்றோடொன்று கயிற்றில் கட்டியிருந்தார்கள், இடம் மாறாமல் இருக்க. ஆட்கள் மதிலோரம் குந்தியிருந்தார்கள், பாதிக்கு மேல் கடற்தொழில் செய்பவர்கள். சின்னப் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். அது கிடைக்காவிட்டால் கடலும் இல்லை, அன்றைய உலையும் இல்லை. ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன விலை, கப்பல் வருமா வராதா, யார் பதவி விலகினார்கள். அரை மணிக்கு ஒரு தடவை நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வயிறு கலங்கியதே தவிர ஒன்றும் தெளியவில்லை.

பக்கத்தில் கிண்ணியா நானா ஒருவர் மட்டும் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். “என்ன புத்தகம் நானா?” என்று கேட்டேன்.

“தெரியாது தங்கச்சி. அட்டையும் இல்ல, முன் பத்துப் பக்கமும் இல்ல. கதை நல்லாப் போகுது.”

கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெடியன், “கொஞ்சம் சத்தமா வாசிங்கோவன்” என்றான். நானா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். ஒரு மனிதர் பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறார், தன் வீட்டு வாசலில் நின்று கூப்பிடத் தயங்குகிறார். அந்த இடம் வந்தபோது வரிசையில் பின்னால் நின்றவர்களும் கிட்ட வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் பிளேன்ரீ வாங்கி வந்து நானாவின் கையில் கொடுத்தார். வரிசை அசைந்தபோதெல்லாம் காலாலேயே கானைத் தள்ளிக்கொண்டு கேட்டோம். பதினொரு மணிக்கு பவுசர் வந்தது. எல்லோரும் எழும்பி ஓடினோம். நானா பஸ் டிக்கட் ஒன்றைப் பக்கத்தில் செருகி, புத்தகத்தைச் சாரத்து மடிப்பில் வைத்துக்கொண்டார்.

என் முறை வருமுன் எண்ணெய் முடிந்தது. வெறுங்கானோடுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பயமில்லாமல் இருந்த ஆறேழு மணித்தியாலத்தை அந்த மனிதர் தந்தார். அவரைத் திரும்பக் காணவில்லை. அந்த வாசலில் நின்றவர் கூப்பிட்டாரா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் நானும் எழுத்தைத் தடவித் தடவித்தான் வாசித்தேன். பிழையாக வாசித்தால் அம்மா திருத்துவா. ஒருநாள் கதையில் கடல் பொங்கும் இடம் வந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றிச் சொன்னா. அப்போது அவவுக்குப் பதினொரு வயது. தகரம் பறந்த சத்தம், விடிந்து பார்த்தால் பின்வளவில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் எனக்குச் சொல்லாத கதை.

செய்தி பார்க்கவேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன், நானும் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக இருக்கிறோம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் வீடுகளில் யாராவது யாருக்காவது வாசிக்கிறீர்களா? எழுதுங்கள்.

மூதூர்ப் பெடியன்:

அக்கா, எங்கள் வீட்டில் வாசிக்கவில்லை, கேட்டோம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த நேரம் கரண்டும் இல்லை, போனும் இல்லை. பக்கத்து மாடிவீட்டில் பதினொரு பேர் ஏறியிருந்தோம். வாப்பாவின் பழைய பற்றறி ரேடியோதான் ஒரே வழி. நான் காதில் வைத்துக் கேட்டு, கேட்டதைச் சத்தமாகச் சொல்வேன். அடுத்த கூரையில் இருந்த மாமா அதைத் தன் பக்கத்தாருக்குச் சொல்வார். எங்கே தண்ணீர் ஏறுகிறது, எந்த ரோட்டு மூடியிருக்கிறது. சொல்லும்போது பிழைவிடக்கூடாதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

தண்ணீர் வடிந்த பிறகு தங்கச்சியின் புத்தகங்களைத்தான் முதலில் எடுத்தோம். நனைந்த தாளை இழுத்துப் பிரிக்கக்கூடாது, கிழிந்துவிடும். புத்தகத்தை நிமிர்த்தி, கொஞ்சம் விரித்து வைத்து, சில பக்கங்களுக்கு ஒரு துண்டு பழைய பேப்பர் செருகவேண்டும். அது ஈரமானதும் மாற்றவேண்டும். காற்றில்தான் காயவேண்டும், கொதிவெயிலில் வைத்தால் வளைந்து போகும். அச்சுப் புத்தகங்கள் தப்பின. அவள் பேனையால் எழுதிய கொப்பிகள் நீலமாகக் கரைந்துவிட்டன. ஒரு விஞ்ஞானக் கொப்பி மட்டும் பாதி தெரிந்தது. அதை இன்னும் ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

நிலாவெளி வாசகர்:

தொண்ணூறுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். பற்றறி கிடைக்காது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார், நான் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் ரேடியோ பாடும். இரவில் பிபிசி தமிழோசைக்கு அயலட்டமே வந்துவிடும். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும், உடனே அடுத்தவர் மாறிக்கொள்வார். 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. கடைசி நாள் அப்பா இல்லை. நான் இங்கே தனியாக இருந்து முழுவதும் கேட்டேன்.

உப்புவெளி அக்கா:

தம்பி, ஐயா, இரண்டு பேர் எழுதியதையும் இன்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சைக்கிள் சுற்றிய இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னா. அப்புறம் படுக்கப் போனவ திரும்பி வந்து, “அந்தப் பிள்ளையின்ர விஞ்ஞானக் கொப்பி காய்ஞ்சுட்டுதாமோ?” என்று கேட்கிறா. தம்பி, மறக்காமல் எழுதுங்கோ.